அணில் குழம்பில் அகப்பட்ட ரவை

இந்த வருஷம் விடுவதில்லை என்று டெல்பர்ட் சைஸ்மோர் தீர்மானித்துவிட்டார். அணில் வேட்டைப் பருவம் தொடங்குகிற முதல் சனிக்கிழமை. அமெரிக்காவின் கென்டக்கி மலைக்காரனுக்கு அதுதான் தீபாவளி. ஒரு காலத்தில் அவர் படியிறங்கினாலே மலையிலிருக்கிற அணிலுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். இப்போது மூன்று வருஷமாக ஒரு வால்கூட வீடு வந்து சேரவில்லை.

துப்பாக்கி ஒற்றைக்குழல். மீசை முளைக்காத வயதில் மலையில் மூலிகை வேர் தோண்டி விற்று வாங்கியது. பிடிக்கட்டை விரிசல் விட்ட இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருப்பார். அதற்கு எண்ணெய் போடுகிற அக்கறையில் பாதியை என்மேல் காட்டியிருந்தால் நான் இன்னும் குமரியாகவே இருந்திருப்பேன் என்பது மனைவி ஆர்ஃபாவின் கட்சி.

"கண்ணு தெரியலன்னு ஒத்துக்கிட்டு ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்களேன். கிரீடமா கழண்டு விழுந்துடும்?"

"என் கண்ணுக்கு என்ன கேடு? இப்பல்லாம் அணிலுதான் சின்னதாப் போச்சு."

பேச்சு முற்றி ஒப்பந்தத்தில் வந்து நின்றது. இன்று அணில் வந்தால் ஆர்ஃபா இனிமேல் கண்ணாடிப் பேச்சே எடுக்கக் கூடாது. வராவிட்டால் துப்பாக்கி அவள் தம்பி ஹோபார்ட்டுக்கு. அவன் அதன்மேல் கண் வைத்து வெகுகாலம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியும் அனுப்பிவிட்டான், படுபாவி.

வீட்டுக்குப் பின்னால் சரிவில், அணிலுக்குப் பிடித்த கொட்டை காய்க்கிற பெரிய ஹிக்கரி மரம். விடியும்போதே அடியில் போய் உட்கார்ந்தார். தொப்பிமேல் கொட்டை ஓடு பொலபொலவென்று விழுந்தது. நிமிர்ந்தார். கிளைக் கவட்டையில் பழுப்பாக ஒன்று குந்தியிருந்தது. சுட்டார். அது அசையவில்லை. மறுபடி சுட்டார். அப்போதும் அசையவில்லை. இந்த மலை அணிலுக்கெல்லாம் வருஷத்துக்கு வருஷம் நெஞ்சழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. கொண்டுபோன தோட்டாவில் ஒன்றுதான் மிச்சம். ஹோபார்ட்டின் தோளில் தன் துப்பாக்கி தொங்குவதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

இறங்கி வரும் வழியில் பக்கத்து வீட்டு கிளெல் இரண்டு அணிலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். இன்று அவனே வலிய, தன் வீட்டில் சாப்பிட ஆளில்லை, எடுத்துக்கொண்டு போ என்றான். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கழுத்துவரை வெள்ளம் வந்தவனுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

ஆனால் ஒரு சிக்கல். இரண்டும் ரைஃபிளில் பட்டவை. தலையில் ஒரே ஒரு ஓட்டை, கறியில் கீறல் இல்லை. அவருடையதோ பொடி ஈய ரவை சிதறுகிற துப்பாக்கி. டெல்பர்ட் விடவில்லை. தொழுவத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தோலை உரித்தார், தலைகளை நாய்க்குப் போட்டார், மிஞ்சிய தோட்டாவைப் பிளந்து ரவையை ஒவ்வொன்றாக ஆணியால் கறிக்குள் குத்தி இறக்கினார். நாளைக்குப் பாதிரியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் ரொட்டியும் குழம்பும் மணத்தன. ஹோபார்ட் இரண்டாவது வாயிலேயே கடக்கென்று கடித்துத் தாடையைப் பிடித்துக்கொண்டான். துப்பியதில் ரவை.

"என் துப்பாக்கி போட்ட கையெழுத்து, மச்சான்," என்றார் டெல்பர்ட். ஹோபார்ட் தோல்வியை ஒப்புக்கொண்டு, பல்லைத் தடவியபடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அவன் போனதும் ஆர்ஃபா கேட்டாள். "தலை ரெண்டும் எங்க?"

அந்த மலையில் அணில் தலை குழம்பில் வெந்து, அதைச் சுட்டவனின் தட்டுக்குத்தான் வரும். மூளையை யாரும் விடமாட்டார்கள்.

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"ஓட்டை எங்க இருந்துச்சுன்னு நான் சொல்றேன். ஒண்ணுக்கு நெத்தியில, இன்னொண்ணுக்கு இடது காதுக்குக் கீழ. காலையில சோளத்துல வந்து மேஞ்சுது. அடுப்படி ஜன்னல்லேருந்து எங்கப்பா குடுத்த ரைஃபிள்ல நான்தான் சுட்டேன். கிளெல்கிட்ட குடுத்து உங்க வழியில நிக்கச் சொன்னதும் நான்தான்."

டெல்பர்ட் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். பந்தயம் கட்டிவிட்டு நீயே ஏன் தோற்றுக்கொடுத்தாய் என்று முனகினார்.

"அந்தத் துப்பாக்கி இல்லாம நீங்க வீட்டுல உக்காந்தா, அந்த மூஞ்சியப் பாக்கப் போறது ஹோபார்ட்டா, நானா? இந்தாங்க, இதப் போட்டுக்கிட்டு வெளிய பாருங்க."

சமையல் அங்கிப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். போட்டார். சரிவில் ஹிக்கரி மரம் இலை இலையாகத் தெரிந்தது. கவட்டையில் பழுப்பாக அதே ஆசாமி. மரத்து முடிச்சு. உடம்பெல்லாம் ரவை.

"மூணு வருஷமா அதத்தான் சுடுறீங்க. குறி ஒண்ணும் தப்பல."

கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது யாருடைய கண்ணாடி என்று கேட்டார்.

"என்னோடது. ஒளிச்சு வச்சுத்தான் போட்டுக்கிறேன். காலையில சுட்டதும் இதப் போட்டுத்தான். துப்பாக்கி உங்ககிட்டயே இருக்கட்டும். கண்ணாடி வேணும்னா என்கிட்ட கேளுங்க."

அடுத்த சனிக்கிழமை விடியுமுன் டெல்பர்ட் பணிவாகக் கேட்டார். ஆர்ஃபா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். கூடவே ராத்திரிப் பாத்திரத்தையெல்லாம் முன்னால் நகர்த்தி, அடியில் பிடித்த கரி இப்போது நன்றாகவே தெரியும், தேய்த்துவிட்டுப் போங்கள் என்றாள்.