பேட்டரி வேண்டாம் என்றேன்

கரண்ட் பில் என்ற சனியன் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. சபதமே போட்டுவிட்டேன். சொந்த மொட்டைமாடி இருக்கிறது, மேலே சூரியன் சும்மாதான் இருக்கிறான். அப்புறம் எவனுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்?

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வேலை மாலையில்தான். பகலெல்லாம் சோபா, மின்விசிறிக்கு நேர் கீழே. அந்தத் தூக்கம் என் உயிர். மனைவி வங்கியில் காசாளர். பொழுது சாய்ந்து வந்த பிறகுதான் துவைப்பது, அரைப்பது, இஸ்திரி எல்லாம்.

"என்கூட வேலை பார்க்கிறவ வீட்டுக்காரர் சோலார் கடை வெச்சிருக்கார். அங்கயே வாங்கலாம்" என்று அவளே அழைத்துப் போனாள்.

"பேட்டரியும் போட்டுடலாமா சார்? ராத்திரிக்கு உதவும்" என்றார் கடைக்காரர்.

"எதுக்கு வெட்டிச் செலவு? எல்லா மிஷினையும் பகல்லயே ஓட்டிட்டா ராத்திரிக்கு என்ன தேவை?"

"இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத வாக்கியம். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பூரித்துப் போய்விட்டேன்.

ஆள் வைத்தால் கூலி. மொட்டைமாடியில் சோலார் பலகைகளை நானே மாட்டினேன்.

கீழே இருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, தண்ணித்தொட்டி நிழல்ல மாட்டுறீங்களே, வெயில்ல அதுக்கு வேர்க்கும்னா?"

கழற்றி மறுபடி மாட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைக்காரர் வந்து ஒயரை இணைத்தார். வெற்றி!

மறுநாள் காலை. துவைக்கும் மிஷின் பக்கத்தில் அழுக்குத் துணி மலை போல் கிடந்தது.

"நேத்து ராத்திரி துவைக்கலையா?"

"ராத்திரி ஏதுங்க வெயில்?"

"அப்ப யாரு துவைக்கிறது?"

"வெயில் அடிக்கும்போது வீட்டுல யாரு இருக்காங்களோ, அவங்க." கைப்பையை மாட்டிக்கொண்டாள். "மாவும் அரைச்சிடுங்க. நாலு புடவை இஸ்திரிக்கு இருக்கு. எல்லாம் நீங்க சொன்னபடியே பகல்லயே முடிஞ்சிடும்."

போய்விட்டாள்.

மிஷினைப் போட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தேன். மேகம் வந்தது. ஐயோ, வெளிக் கரண்ட் ஓடி பில் ஏறுமே! எழுந்து ஓடி நிறுத்தினேன். வெயில் வந்தது. போட்டேன். கிரைண்டர் பாதி ஓடுகையில் மறுபடி மேகம். மாடிக்கும் அடுக்களைக்கும் நாய் அலைவது போல் அலைந்தேன். ஊரே மழைக்கு ஏங்கிய நாளில் நான் ஒரு மேகத்தைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் இதே பிழைப்பு. அச்சகத்தில் பிழைகளுக்கு மேலேயே தலை வைத்துத் தூங்க ஆரம்பித்தேன்.

வெட்டிச் செலவாவது, மண்ணாவது! மனைவிக்குத் தெரியாமல் கடைக்கு ஓடினேன்.

"ஒரு பேட்டரி கொடுங்க."

கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஸ்டாக் இல்ல சார்."

"பின்னாடி கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கீங்களே!"

"இருக்கு. உங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எங்க வீட்டம்மா உத்தரவு. உங்க வீட்டம்மா அவங்ககிட்ட அப்பவே சொல்லி வெச்சிட்டாங்க, ஒரு வாரத்துல நீங்க வருவீங்கன்னு."

"பெண்டாட்டிக்குப் பயந்து வியாபாரத்தையே விடுவீங்களாய்யா? நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா?"

அவர் நிமிர்ந்தார். கையில் துவைத்துக் காய்ந்த போர்வை.

"எங்க வீட்டுலயே பேட்டரி கிடையாது சார். இதோட அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."