கொப்பரை முற்றத்தில் ஒரு மழை அலாரம்

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. எழுந்தேன், பால் விடாத கட்டன் சாயா குடித்தேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், டைரியில் ‘வானம் தெளிவு’ என்று எழுதினேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது இவ்வளவுதான் என்பது என் வீட்டாரின் கருத்து. அதை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

முற்றத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு வேண்டிய எண்ணெய் அதில்தான். நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்த சித்தியைப் பார்க்கக் கிளம்பிய என் மனைவி மேரி, “மேகம் கறுத்தா வாரி உள்ள போடணும். பொஸ்தகத்த எடுத்திட்டு இருந்திராதிய” என்றாள்.

நான் பொறுப்புள்ளவன். அதற்காகவே ஒரு மழை அலாரம் வடிவமைத்திருந்தேன். முற்றத்தில் ஓர் அட்டைமேல் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இரண்டு செம்புக் கம்பிகள். மழைத்துளி விழுந்து இரண்டையும் சேர்த்தால் வீட்டுக்குள் பஸ்ஸர் அலறும். (இதைவிட எளிதாக ஒன்றைச் செய்ய முடியுமா, சொல்லுங்கள்!)

அதை ஈயம் வைத்துப் பற்றவைத்தவன் மேரியின் தம்பி செல்வின். துபாயில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருந்தான். முந்தின நாள் அவன் பஸ்ஸர் பெட்டிக்குள் ரெசிஸ்டர்களின் கம்பிக் கால்களை நீளநீளமாக, அம்மணமாக விட்டிருந்தான். அவை ஒன்றோடொன்று உரசி, கொளுத்தும் வெயிலில் அலாரம் அலறியது.

“ஏலே, இப்பிடியா விடுவ? வயர் உறைய உருவி ஒவ்வொரு காலுக்கும் மாட்டு. வெளிய தெரியுத கம்பி ஒண்ணுகூட இருக்கப்பிடாது!”

“எல்லாத்துக்கும் சாக்ஸ் போடணும். செரி அத்தான்.”

சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் எல்லாவற்றையும் முடித்துவைத்து, முட்டம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போய்விட்டான். பார்த்தேன். பெட்டிக்குள் ஒவ்வொரு காலுக்கும் ஓர் உறை. சத்தமே இல்லை. பரம திருப்தி. சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸரைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

“கொப்பரை மிதக்குது! செத்தா கெடக்கிய?”

வாசலில் மேரி, சொட்டச்சொட்ட. பஸ்ஸரிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. கொட்டும் மழையில் ஓடிப்போய் அட்டையைப் பார்த்தேன். இரண்டு செம்புக் கம்பிகளும் ரோஸ் நிறத்தில் பளபளத்தன.

நனைந்துகொண்டே மீன் பையோடு வந்தான் செல்வின்.

“யாருல இதுல பூசுனது?”

“நாந்தான் அத்தான். உறை தீந்துபோச்சு. அக்காக்க நெயில் பாலிஷ எடுத்து ரெண்டு கோட்டு அடிச்சேன்.”

“மழை படுகதுக்கு உள்ள கம்பியாக்கும்லே அது!”

“ஒண்ணுகூட வெளிய தெரியப்பிடாதுன்னு நீங்கதான சொன்னிய?”

எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வரும். என் வீடு கோர்ட் அல்ல. “அவன விடுங்க. ஒங்களுக்குக் கண்ணு இல்லியா?” என்றாள் மேரி. அது தொழில்நுட்பம் சார்ந்த கேள்வி இல்லை என்பதால் நான் கொப்பரையை வாரப் போனேன்.

இப்போதும் துபாயிலிருந்து வீடியோ காலில் வந்தால், செல்வின் என் நலம் விசாரிப்பதில்லை. “அக்கா, அத்தானுக்குப் பாலிஷ் அடிச்சாச்சா?” என்றுதான் கேட்கிறான். அவளும் சிரிக்கிறாள்!

அந்த மழைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாக, தேறிய கொப்பரையை மேரி முற்றத்தில் பரப்பினாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள்.

“நாங்க பூசைக்குப் போயிட்டு வாறோம். இதுல இரிங்க. மேல தண்ணி விழுந்தா கத்துங்க.”