மெத்தூசலாவின் தோல் கச்சை

எமனை ஏமாற்ற வழி கண்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் ஆம்பூரில், நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தார்.

வேதாகமத்தில் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வருஷம் வாழ்ந்த மெத்தூசலாவைப் பற்றிப் பேசாமல் அவரால் ஓர் ஆட்டுத்தோலைக்கூடப் புரட்ட முடியாது. அதனால் அவர் பெயரும் மெத்தூசலா என்றே ஆகிவிட்டது.

"நெஜமாவே அத்தினி வருஷம் இருந்தாங்களா மேஸ்திரி?" என்று கேட்டால் போதும்.

"பின்ன? ஆதாமுக்கு ஆண்டவர் இன்னா குடுத்தாரு? தோல் சட்டை! தொள்ளாயிரத்து முப்பது வருஷம் நின்னான். யாக்கோபு தன் புள்ளைக்குக் கலர் கலரா அங்கி குடுத்தாரு. அப்பன் நூத்தி நாப்பத்தேழு, புள்ளை நூத்திப்பத்து! துணி ஜாஸ்தியாச்சு, ஆயுசு கம்மியாச்சு. எலியா இடுப்புல தோல் கச்சை. செத்தாரா? உசுரோட மேல போய்ட்டாரு!"

குடியாத்தத்திலிருந்து கைலி விற்க வருகிறவர்களைக் 'கொலைகாரப் பசங்க' என்று விரட்டுவார்.

"யோவான் ஸ்நானகனும் தோல் கச்சைதானே கட்டினாரு? சின்ன வயசுலயே போய்ட்டாரே?" என்று ஒருநாள் மடக்கினேன். பரிதாபமாகப் பார்த்தார்.

"கச்சை இடுப்புல, நைனா. வெட்டினது கழுத்துல."

அவர் இடுப்பிலும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு தோல் கச்சை உண்டு. குளிக்கும்போதுகூட அவிழ்க்கமாட்டார். அவிழ்த்தால் அன்றைக்கே ஆள் காலி என்பது அவர் நம்பிக்கை.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். ஆனால் என் அப்பா நாற்பத்திரண்டாவது பிறந்தநாளன்று காலமானார். எனக்கும் அதே பிறந்தநாள் வர ஒரு மாதம் இருக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. யாருக்கும் தெரியாமல் மேஸ்திரியிடம் போய் நின்றேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதமான நாலு தோல்களை எடுத்து எனக்கொரு பனியன் தைத்துக் கொடுத்தார்.

சித்திரை வெயிலில் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தேன். வியர்வையும் தோலும் சேர்ந்து கமழ்ந்ததில் ஏழு நாய்கள் வீடுவரை கூடவே வந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பெஞ்சில் நான் மட்டும். தோல் வாசனையிலேயே பிறந்து வளர்ந்த ஆம்பூர்க்காரர்கள் ஒருவனைக் கண்டு மூக்கைப் பிடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

"நீங்க சாவறீங்களோ இல்லியோ, உங்க பக்கத்துல இருந்தா நான் போய்டுவேன்!" என்று என் மனைவி பிறந்தநாளுக்கு முதல்நாள் பனியனை இடுக்கியால் தூக்கித் தெருவில் போட்டாள். ஏழு நாய்களும் என் ஆயுளைக் கவ்விக்கொண்டு ஓடின.

மறுநாள் காலையில் கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டேன். மனைவியிடம் விடைபெற்றேன்.

"போறவரு நாலாவது தோசை கேக்கறாரு," என்று அவள் அடுப்பிடம் முறையிட்டாள்.

அப்போது மேஸ்திரி வந்தார். பனியன் போன கதையைக் கேட்டார். பிறகு தன் கச்சையை அவிழ்த்து என் இடுப்பில் கட்டினார்.

"மேஸ்திரி, உங்களுக்கு?"

"உனக்குச் சின்னப் பசங்க இருக்காங்க. எனக்கு இன்னா... ஏம்மா, ஒரு துண்டு கயிறு குடு."

கிணற்று நார்க்கயிற்றில் ஒரு துண்டை வேட்டிமேல் கட்டிக்கொண்டு, பொழுது சாயும்வரை என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் இருமினால் அவர் துள்ளி எழுந்தார். அவர் இருமினால் நான் எழுந்தேன். அந்த அறையில் சாவுக்குப் பயந்தவர்கள் இருவர், கச்சை ஒன்றுதான்.

விளக்கு வைத்ததும் இருவரும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். கச்சையை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன்.

"வெச்சுக்கோ. அடுத்த வருஷமும் பொறந்தநாள் வரும்ல?"

"தோல் இல்லாம நீங்க மட்டும் எப்டி தப்பிச்சீங்க?"

மேஸ்திரி கயிற்றைத் தடவிப் பார்த்தார். "நாரு எங்கேருந்து வருது? தேங்கா மட்டைலேருந்து! தேங்காய்க்கு அதான்பா தோலு!"

எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. கச்சையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பிறந்தநாள்தோறும் அதைக் கட்டிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போகிறேன். வாசலில் நின்றபடியே, அவர் இடுப்பில் கயிறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.