கோச் ஹாஷிமுக்கு நான் போட்ட மாலை

தோற்கிற கட்சியைக் கண்டால் என் கால் தானாக அந்தப் பக்கம் போகும். இது ஒரு வியாதி, மருந்து கிடையாது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் வருடா வருடம் கடைசியாக வரும் பச்சை இல்லத்துக்குத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். (நான் இருந்தது நீல இல்லம். ஆசிரியர் இரண்டு முறை எச்சரித்தார்.) ஆகவே கல்யாணமாகி ஜார்ஜ் டவுனில் குடியேறியதும் நான் தஞ்சோங் ரோவர்ஸ் கால்பந்துக் குழுவின் ரசிகனானதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். பினாங்கில் சின்னக் குழுக்கள் ஆடும் லீக்கில் அதுவும் ஒன்று. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து, ஃபெர்ரி பிடித்து, பூட்ஸை பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். வெள்ளையும் மஞ்சளும் கலந்த சட்டை. நான் சொல்லப்போகும் அந்த வருடம் பதினோரு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி, இரண்டு சமன். லீக் பட்டியலைப் பார்க்க எங்கள் ரசிகர்கள் யாரும் மேலிருந்து படிக்க மாட்டார்கள்.

ரசிகர்கள் என்றேனே, அவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ரோவர்ஸ் உயிர்மூச்சு' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. காலையில் ரோஜாப்பூ போட்ட வணக்கம் வரும். அதற்கு அடுத்த செய்தியிலேயே கோச்சின் குடும்பம் மொத்தத்துக்கும் அர்ச்சனை. ஆட்டம் தொடங்கும் முன்பே திட்டுவார்கள். பயிற்சியை வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திட்டுவார்கள். பட்டியலில் முதலிடத்தில் இருந்த குழுவோடு ஒருமுறை நாங்கள் சமன் செய்தபோது, "அவனுங்களுக்கு வயித்து வலியாம்" என்று ஒரு செய்தி வந்தது. அதற்கு நாற்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

அந்தச் செய்தியை அனுப்பியவர் சேகர் மச்சான், என் மனைவியின் அண்ணன். சொந்தமாக அச்சகம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் 'மாமாக்' என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்கும் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு கோச் ஹாஷிமைக் கூறு போடுவதுதான் அவருக்கு வழிபாடு.

"மாப்ளே, அந்த ஆளுக்கு ஃபுட்பால் பத்தி என்னா தெரியும்? அந்த எடத்துல எங்க அம்மாவ நிறுத்தியிருந்தாகூட இந்நேரம் ரெண்டு கேம் ஜெயிச்சிருக்கும் லா!"

(என் மாமியாரை எனக்குத் தெரியும். நாலு ஆட்டம் ஜெயித்திருக்கும்.)

எனக்கு ஏன் அந்த கோச் மேல் அவ்வளவு பாசம் என்று கேட்பீர்கள். அப்போது நான் மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான்காம் லைனுக்கு சூப்பர்வைசர். எங்கள் லைன்தான் மாதா மாதம் கடைசி. மேனேஜர் வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு முகம் வரைவார். எங்களுக்கு மட்டும் எப்போதும் அழுகிற முகம். மெஷின் பழசு, ஆள் பற்றாக்குறை என்று யாரும் எழுதவில்லை. ஒருநாள் அந்த முகத்துக்குக் கீழே யாரோ "இவரு எப்ப போவாரு?" என்று எழுதியிருந்தார்கள். நான் அதைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அதே வாரம் கொட்டுகிற மழையில் திடல் பக்கம் போனேன். பயிற்சிக்கு ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். ஹாஷிம் அந்த ஆறு பேருக்கும், பதினெட்டு பேருக்குச் சொல்வது போல, நிறுத்தி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஆரஞ்சுக் கூம்புகளைத் தானே ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து அடுக்கினார். ஐம்பது வயது மலாய்க்காரர், பாலிக் புலாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் மலைப்பாதை ஏறி வருகிறவர். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளை நான் விடமாட்டேன் என்று.

பன்னிரண்டாவது ஆட்டம் வந்தது. எதிரி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் சிவப்புச் சட்டைக் குழு. இதிலும் தோற்றால் ஹாஷிமுக்கு வேலை போய்விடும் என்று கமிட்டி வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. சேகர் மச்சான் தன் அச்சகத்திலேயே 'ஹாஷிம் வெளியேறு' என்று மலாயில் இருபதடிப் பதாகை அடித்தார். அதை மாமாக் கடையில் இரண்டு மேசைகளைச் சேர்த்து விரித்துக் காட்டினார்.

"நல்லாருக்கா மாப்ளே?"

"வெக்கமா இல்லையா மச்சான்? அது நம்ம டீம்!"

"நம்ம டீம்னாலதான் லா எரியுது! நீ ஒருத்தன்தான் அந்த ஆளுக்குக் கொடி புடிக்கிற. அவ்ளோ பாசம்னா சனிக்கிழம எல்லாரு முன்னாலயும் போயி நின்னு சப்போட் பண்ணு பாப்போம். இங்க ஒக்காந்து ரொட்டி சானாய்கிட்ட வீரம் பேசாத."

கடையே சிரித்தது. ரொட்டி போடுகிறவர்கூடச் சிரித்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"பண்றேன் மச்சான். எல்லாரு முன்னாலயும் அவருக்கு மாலை போட்டு மரியாதை பண்றேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க!"

நம் ஆட்களுக்கு மரியாதை என்றால் மாலைதானே. தொகுதிக்கு வரும் அரசியல்வாதி முதல் பரிசளிக்க வரும் தலைமையாசிரியர் வரை எவர் கழுத்தைக் கண்டாலும் நமக்குக் கை துறுதுறுக்கும். சனிக்கிழமைக் காலை லிட்டில் இந்தியாவில் பரமேஸ் அக்காவின் பூக்கடைக்குப் போனேன்.

"அக்கா, பெரிய மாலை ஒன்னு. நல்லா தொடை தண்டி இருக்கணும். வெள்ள செவ்வந்தி, மஞ்ச செவ்வந்தி, அவ்ளோதான்."

"நடுவுல ரோசு வெக்கவா தம்பி?"

"செவப்பா? வேணவே வேணாங்கா! அது எதிரி கலரு."

"ஜரிகையாச்சும் சுத்தட்டா?"

"ஜரிகையும் செவப்புதானே வெச்சிருக்கீங்க? வேணாம்."

"கீழ குஞ்சம்?"

குஞ்சமும் சிவப்பு. வேண்டாம் என்றேன். அக்கா கட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நான் ஒன்னு சொல்லட்டா..." என்று வாயெடுத்தார். நான் விட்டால்தானே! ரோவர்ஸின் வரலாறு, கமிட்டியின் அநியாயம், சேகர் மச்சானின் துரோகம் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். பின்னால் நாலு பேர் பூ வாங்கக் காத்திருந்தார்கள். அக்கா பெருமூச்சு விட்டார். "ஒங்க இஷ்டம்" என்று கட்டி முடித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

நான் சாவு வீடுகளுக்குப் போகாதவனா? எத்தனையோ வீட்டில், எத்தனையோ பெட்டிமேல், இதே வெள்ளையும் மஞ்சளுமாக, சிவப்பு ஒரு பொட்டும் இல்லாமல், ஜரிகையும் குஞ்சமும் இல்லாமல் நானே என் கையால் போட்டிருக்கிறேன். ஆனால் அன்று என் கண்ணுக்கு அது ரோவர்ஸ் சட்டையாகத்தான் தெரிந்தது.

ஐந்து மணிக்கு ஆட்டம். திடலின் ஒரு பக்கம் முழுக்க மச்சானின் கூட்டம், இருபதடிப் பதாகையோடு. ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் நான் காவலாளியிடம் சொல்லிவிட்டு, செய்தித்தாளைப் பிரித்து, மாலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கோட்டோரமாக நடந்தேன். இரைச்சல் அடங்கியது. ஆஹா, மாலையைக் கண்டதும் வாயடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஹாஷிம் முதலில் திகைத்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து மாலையை வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்த நொடி திடல் இடிந்தது. மச்சானின் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. "குணா! குணா!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மச்சான் பதாகையைப் போட்டுவிட்டு விசில் அடித்தார்.

"மாப்ளே! நீதான்டா நம்ம ஆளு!"

எதிர்ப்பாளர்களின் மனம் மாறிவிட்டது! அன்பு ஜெயித்துவிட்டது! நான் தேர்தலில் வென்றவன் போல இரண்டு கையையும் உயர்த்தி நாலு பக்கமும் கும்பிட்டேன். (அந்தப் படம் இன்றும் 'ரோவர்ஸ் உயிர்மூச்சு' குழுவின் முகப்பில் இருக்கிறது.)

மிதப்போடு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எப்போதும் உட்காரும் சீனப் பெரியவர், நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மெல்ல இரண்டு இருக்கை தள்ளிப் போனார். பிறகு மனசு கேட்காமல் குனிந்து மலாயில் கேட்டார்.

"யார் செத்துப்போனது?"

நான் திரும்பி ஹாஷிமைப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். வெள்ளை செவ்வந்தியும் மஞ்சள் செவ்வந்தியும் நமக்கு எப்படியோ அப்படியேதான் சீனர்களுக்கும். திடலில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும், சீனர் அத்தனை பேருக்கும் அந்த மாலை என்ன சொல்கிறது என்று தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே மனிதர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

ஓடினேன்.

"கோச், மாலை கனமா இருக்கும். கழட்டிக் குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

அவர் என் தோளைத் தட்டி மலாயில் சொன்னார். "ஒரு வருஷமா இங்கே என் மேல பாட்டில்தான் விழுந்துச்சு. இன்னைக்குத்தான் பூ விழுந்திருக்கு. ஆட்டம் முடியற வரைக்கும் இதைக் கழட்ட மாட்டேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

எங்கள் கோல்கீப்பர் தினேஷ், பாகான் டாலாம் பையன், நல்ல ஆட்டக்காரன். அன்று முதல் பாதியில் அவன் நின்ற கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் கோச்சின் பெஞ்ச். அவன் பந்தைப் பார்ப்பதைவிட்டு அடிக்கடி பெஞ்சையே பார்த்தான். பன்னிரண்டாவது நிமிடம் நாற்பதடி தூரத்திலிருந்து உருண்டு வந்த பந்து, கோச்சைப் பார்த்துக்கொண்டிருந்த தினேஷின் காலிடுக்கில் புகுந்து வலைக்குள் போனது. இரண்டாம் பாதியில் அவன் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். அங்கே மாலை கண்ணில் படவில்லை. புலியாகப் பாய்ந்து ஒரு பெனால்டியைக்கூடப் பிடித்தான். ஆனால் எங்களால் ஒரு கோல் திருப்பிப் போட முடியவில்லை.

"அண்ணே, எங்க தாத்தாவுக்குப் போட்ட மாலை மாரியே இருந்துச்சுண்ணே" என்றான் பிறகு. "கோச்சுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சிட்டேன்."

ஒன்றுக்கு சுழியம். விசில் ஊதியதும் மச்சானின் ஆட்கள் என்னைத் தோளில் தூக்க வந்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நாற்காலி மேல் ஏறினேன்.

"நான் சப்போட்டுக்குத்தான்டா போட்டேன்! உங்களுக்குப் புரியாதுடா! ஜெயிக்கிறவனுக்குக் கைதட்ட நீங்க எதுக்குடா? அவன் தன்னால ஜெயிச்சுக்குவான்!"

வாழ்க்கையில் நான் பேசிய ஒரே நல்ல பேச்சு அது. யாரும் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எல்லோரும் போகும் வரை நான் நாற்காலி மேலேயே நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து இறக்கினாள்.

திங்கட்கிழமை கமிட்டி ஒரு வாட்ஸ்அப் செய்தியில் ஹாஷிமை அனுப்பிவிட்டது. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அந்த மனிதரின் வேலைக்கு உலை வைத்தது நான்தான் என்று மனசு அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி பாலிக் புலாவ் போனேன். ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே சின்ன வீடு. உள்ளே நுழைந்தேன். கூடத்துச் சுவரில், அவர் இளம் வயதில் ஆடிய படத்துக்குப் பக்கத்தில், என் மாலை வாடிக் காய்ந்து தொங்கியது.

இதற்கு மேல் பொய் சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பை வேண்டாம் என்றது, அக்கா வாயெடுத்தது, தினேஷின் தாத்தா, எல்லாம். ஹாஷிம் எழுந்து போய் மாலையைக் கையால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அவர் மனைவி பின்கட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"சரியாத்தானே போட்டிருக்கீங்க! சனிக்கிழமை மாலை, திங்கட்கிழமை அடக்கம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாப்போச்சு. செத்தவனை இனிமேல் யார் வேலையை விட்டுத் தூக்க முடியும்? இங்கே கிராமத்துக் குழுவை எடுத்திருக்கேன். கிராமத்து லீக்கிலேயே அவங்கதான் கடைசி. நீங்க வரணும்."

கடைசியா? என் கால் அப்போதே கிளம்பிவிட்டது.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. மச்சானின் மகள் கல்யாணத்தில் மணமாலைத் தட்டு இருந்த பக்கம் நான் போனாலே, "மாமா கையில மாலையக் குடுத்துறாதீங்க!" என்று நாலு திசையிலிருந்தும் குரல் வந்தது. பொண்ணு மேடையிலிருந்தே கத்தினாள். மேனேஜரின் பிரிவுபசார விழாவில் மாலை வாங்கும் பொறுப்பை எனக்குத் தரக்கூடாது என்று நான்காம் லைன் தீர்மானம் போட்டது. (நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். முகம் இன்னும் அழுகிறது.) சிரிக்கட்டும். ஹாஷிமின் குழு இப்போது கடைசிக்கு இரண்டு படி மேலே. சேகர் மச்சானும் பாலிக் புலாவுக்கு ஆட்டம் பார்க்க வருகிறார். டுரியான் பழத்துக்காக வருகிறேன் என்பார். பந்து தவறினால் ஊரே கேட்கத் திட்டுவார். நான் அவரைவிடச் சத்தமாகக் கைதட்டுவேன்.

ஒவ்வொரு சீசனின் முதல் ஆட்டத்துக்கும் ஹாஷிமுக்கு ஒரு மாலை போயாக வேண்டும். அவர் உத்தரவு: அதே கடை, அதே பூ, அதே நிறம். போன மாதமும் பரமேஸ் அக்கா கடையில் நின்றேன். அக்கா வெள்ளையையும் மஞ்சளையும் கையில் எடுத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மனுசன் இன்னுமா சாகல தம்பி?"

"சாகமாட்டாருக்கா."

"ஒரே ஒரு ரோசு...?"

"வேணாங்கா."