வேங்கிக்கால் தங்க நிபுணர்

உலகத் தங்கச் சந்தையை லண்டனும் நியூயார்க்கும் நடத்துகின்றன என்பது விவரம் தெரியாதவர்கள் பேச்சு. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் அருணகிரியின் ஜெராக்ஸ் கடையிலிருந்துதான் அது நடந்துவந்தது. மூன்று வாரம் யூடியூபில் கடுந்தவம் புரிந்து 'டெக்னிக்கல் அனலிஸ்ட்' ஆனவர் அவர். சான்றிதழ் நகலெடுக்க வந்தவர்களிடம், "அஞ்சு நிமிஷ சார்ட்டு ஒண்ணு முடியட்டும், உக்காருங்க" என்பார். உட்கார்ந்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு வந்தவர்களுக்குக் காத்திருப்பது புதிதா?

முதலீடு, மனைவி தமிழ்செல்வியின் எட்டு சவரன் செயின். நிஜத் தங்கத்தை அடகு வைத்துவிட்டுத் திரையில் ஓடும் தங்கத்தில் இறங்குவதற்கு 'மூலதனச் சுழற்சி' என்று பெயர்.

"வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர்ல எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம். அதுக்குள்ள செயின் வந்துடணும்" என்றாள் தமிழ்செல்வி.

"புதன்கிழமையே வந்துடும். இங்க பாரு, இது தலை, இது ரெண்டும் தோள். இந்த உருவம் வந்தா விலை இறங்கியே ஆகணும். அதான் இல்லாத தங்கத்த வித்து வச்சிருக்கேன். இறங்கினதும் கம்மி விலைக்கு வாங்கிக் குடுத்துட்டா லாபம்."

"இல்லாதத எப்படிங்க விப்பாங்க?"

"அதான் டெக்னிக்கல்."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "தலை, தோள் எல்லாம் இருக்கு. கழுத்துதான் என்னுது மாதிரியே வெறுமையா இருக்கு."

புதன்கிழமை பௌர்ணமி. விலை இறங்கினால் கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொள்வது பாமரர் வழக்கம். அருணகிரி முன்கூட்டியே, மத்தியானமே நடக்கப் புறப்பட்டார்.

"ஏங்க, விலை தப்பா போனா தானா முடிச்சுக்கும்னு ஒண்ணு சொன்னீங்களே, அத போட்டீங்களா?"

"ஸ்டாப் லாஸா? சாமிய நம்பிப் போறப்ப அதையும் போட்டுட்டுப் போனா அவரு என்ன நினைப்பாரு?"

அண்ணாமலையார் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடக்கும் பாதையில் செல்போன் டவர் என்ன நினைத்தது என்பது தெரியும். அக்னி லிங்கத்தருகே போன நெட், குபேர லிங்கம் தாண்டியும் வரவில்லை. விலை ஏறுவதற்கு டவர் தேவையில்லை, அது ஏறிக்கொண்டிருந்தது. அருணகிரி நடுப்பாதையில் நின்று போனை வானத்துக்கு உயர்த்தினார். பின்னால் வந்தவர்கள் அங்கே ஏதோ தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, போட்ட பணம் தீர்ந்துவிட்டதென்று புரோக்கர் கம்பெனியே கணக்கை முடித்திருந்தது. செயினை மீட்கப் பணமில்லை. புதிதாக வாங்கலாமென்றால், தங்கம் ஏறியிருந்தது.

தமிழ்செல்வி மறுநாள் தேரடி வீதிக்குப் போய் நானூறு ரூபாய்க்கு ஒரு கவரிங் செயின் வாங்கிவந்தாள்.

கல்யாணப் பந்தியில் அவள் தம்பி சக்திவேல் ஊரே கேட்கும்படி கேட்டான்: "மாமா, நீங்கதான் நிபுணராச்சே. தங்கம் இந்த ஏறு ஏறுது. சினேகா நகைய வச்சுட்டு நானும் உங்கள மாதிரி இறங்கிடட்டுமா?"

சக்திவேலின் மனைவி சினேகா உட்பட எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அருணகிரி எதிர் வரிசையில் இருந்த தமிழ்செல்வியைப் பார்த்தார். அவள் முந்தானையால் கவரிங்கை மூடிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்தாள்.

"வேணாம் மாப்ள" என்றார் மெதுவாக. "பொம்பளைங்க நகையில மட்டும் கை வச்சிடாத."

பந்தியே தலையாட்டியது. "எவ்ளோ படிச்சிருந்தா இப்படி ஒரு வார்த்த வரும்" என்றார் பக்கத்து இலைக்காரர்.

உண்மைதான். எட்டு சவரன் செலவில் கற்ற பாடம் அது. அதில் ஒரு குந்துமணிகூட அவருடையது இல்லை.