கோடாலிக்காரிக்குத் துணை

ஆட்டம் தொடங்க நாற்பது நொடிதான் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு இன்னும் ஆள் அகப்படவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் முப்பது வீரர்கள் வரிசையாக நின்று அவனை முறைத்தார்கள். "உங்க சுபாவத்துக்கு எது ஒத்துவருமோ, அந்த ஆளை எடுத்துக்கிட்டு என்கூட மூணு ஆட்டம் விளையாடுங்க. நீங்க எப்படின்னு அதுலயே தெரிஞ்சுக்குவேன்" என்று அவனுக்குப் பார்த்திருந்த பெண் போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சிரித்தது அவள், தூக்கம் போனது இவனுக்கு. ஏற்கெனவே மூன்று இடம் பேசிக் கைநழுவிப் போயிருந்தது. இது நாலாவது. போதாக்குறைக்கு, இவனுக்கு அவளை நிஜமாகவே பிடித்துத் தொலைத்திருந்தது.

கடையில் நாளெல்லாம், "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று ஊரையே தேர்ந்தெடுக்க வைப்பவன் அவன். தனக்கென்று வந்துவிட்டால் சட்டை எடுக்கக்கூட அக்காவைக் கூட்டிக்கொண்டுதான் போவான்.

"வாள்காரனை எடுடா. பார்க்க லட்சணமா இருக்கான்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா.

எடுத்தான். திரையில் அவன் ஜோடியோ கோடாலி ஏந்திய ராட்சசியாக வந்து அவனுக்காகக் காத்திருந்தாள். வாளை உருவிக்கொண்டு முதல் ஆளாகப் பாய்ந்தான், முதல் ஆளாகச் செத்தான். எழுந்தான், பாய்ந்தான், மறுபடியும் செத்தான். ஐந்து தடவை.

"என்ன அவசரம்?" என்று திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது.

அவன் அக்காவிடம் திரும்பினான். "முன்கோபின்னு நினைச்சிருப்பாக்கா!"

"அப்ப கேடயக்காரனை எடு. பொறுப்பானவன்னு நினைப்பா."

இரண்டாவது ஆட்டத்தில் கேடயக்காரன் கோட்டை வாசலில் பொறுப்பாக நின்றான். அப்படி நின்ற லட்சணத்தில், எதிரிகள் துரத்த ஓடிவந்த கோடாலிக்காரி உள்ளே நுழைய வழியில்லாமல் வாசலிலேயே உயிரை விட்டாள்.

"வழி விடக்கூடத் தெரியாதா?"

"போச்சு! கல்யாணத்துக்கு முன்னாடியே அவளை வாசல்ல நிறுத்திட்டேன்." உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். "கடைசிக்கு யாரை எடுக்கட்டும், சீக்கிரம் சொல்லுக்கா!"

"உனக்கு யாரைப் பிடிச்சிருக்கு?"

அதை அவன் யோசித்தே பார்த்திருக்கவில்லை. மூலையில் மருந்துப் பையோடு ஒல்லியாக ஒரு வைத்தியன் நின்றான். சண்டை போடமாட்டான். அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவான். அவனை எடுத்தான்.

கோடாலிக்காரி முன்னால் போய் வெட்டினாள். வைத்தியன் பின்னாலேயே போய்க் காயத்தை ஆற்றினான். எதிரிகள் சிதறி ஓடினார்கள்.

"இப்பத்தான் சரியான ஆளை எடுத்திருக்கீங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நிறைந்த நெஞ்சு சும்மா இருக்குமா? அக்கா தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரம் பார்த்து, இத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்ததைத் தட்டிவிட்டான்.

"ஒண்ணு கேக்கலாமா? கல்யாணத்துக்கப்புறம் உங்கம்மா நம்மகூடவா இருப்பாங்க?"

"ஏன்?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு அவங்க பார்த்த பார்வைக்கு என் கண்ணாடி விரிசல் விடாம இருந்ததே பெரிசு. உண்மையில அந்தக் கோடாலி அவங்க கையிலதான் இருக்கணும்!"

கூடவே ஒரு சிரிக்கும் முகத்தையும் அனுப்பிவைத்தான்.

கோடாலிக்காரி சண்டையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். எதிரிகள் அடித்தார்கள், அசையவில்லை. வைத்தியன் பை பையாக மருந்தைக் கொட்டினான். அவள் மெல்லத் திரும்பி அவனையே பார்த்தாள்.

"கோவமா?" என்று தட்டினான். உடனே, "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேங்க" என்று சேர்த்தான். நாலாவது இடமும் கைவிட்டுப் போகிற சத்தம் அவனுக்குக் காதிலேயே கேட்டது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பெண்ணின் அப்பா. எடுத்தான்.

"சொல்ல மறந்தே போயிட்டேன் மாப்பிள்ளே, பொண்ணு வேலையிலேர்ந்து வர இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம், நீங்க காத்திருக்க வேணாமேன்னு அதுவரைக்கும் அவ அம்மாதான் உங்ககூட விளையாடிக்கிட்டிருக்கா."