கைராசியும் நொரைக் குழாயும்

பதுளை பஸார் தெருவில பீங்கான் கடை வச்சிருந்த புஹாரி முதலாளி, எழுபத்தெட்டாம் வருசம் ஒரு முடிவெடுத்தாரு. கடலை ஊட்டுக்குக் கொண்டாறது. நமுனுகுல மலையில ஏறி நின்னு கண்ணைச் சுருக்கிப் பாத்தாலும் ஒழுங்காத் தெரியாத கடலு, அவரோட ஜன்னலடியில நிக்கணும். கோப்பை வாங்க வந்தவங்க, கோப்பையத் திருப்பிக் குடுக்க வந்தவங்க, எல்லாருக்கும் செல்லிட்டாரு. இனி பின்வாங்க ஏலாது.

கண்ணாடித் தொட்டி வந்திச்சு. பக்கத்து ஊட்டு வாஹித் திருகோணமலைக்குக் கருவாடு ஏத்தப் போற ஆளு. அவரு லொறியில கேன் கேனாக் கடல்தண்ணி வந்திச்சு. அதோட செவப்பும் வெள்ளையுமாச் சட்டை போட்ட ரெண்டு மீனும் வந்திச்சு. தொட்டிய வைக்கிற எடத்துலதான் ஒரு சின்னச் சிக்கல். அந்த ஜன்னலடியில ஏற்கெனவே ஒண்டு இருந்திச்சு. மனுசி ஜெனீராட தையல் மெஷின்.

மெஷினத் தூக்கி குசினி அடுப்படிக்குப் பக்கத்து இருட்டு மூலையில வச்சாரு. அந்த மூலையில பகல்லயே ஊசிக்கு நூல் கோக்க ஏலாது. அந்த நேரம் பாத்து எதுத்த ஊட்டு றஷீனாட கலியாண உடுப்பு முழுக்க ஜெனீரா கையில. பட்டுத்துணி. மொத நாளே ஊசி வெரல்ல ஏறிட்டு. அவ பட்டுத்துணிய மடிச்சு வச்சிட்டு, வெரலைச் சூப்பிக்கிட்டே தொட்டியப் பாத்தா. ஜெனீரா ஒண்ணும் செல்லாட்டி புஹாரிக்கு சந்தோசம். அதுதான் அவரு வாழ்க்கை முழுக்க விட்ட பிழை.

கடல்தண்ணி சும்மா வச்சா நாறிப்போகும். அதுக்கு ஒரு சாமான் வேணும். கப்பல்ல வேலை செய்ற ஜெனீராட மச்சான் அஸீஸ் அதக் கொண்டாந்து மாட்டிக் குடுத்தான். கண்ணாடி மாதிரி ஒரு நீட்டுக் குழாய். அடியில ஒரு மரக்கட்டைத் துண்டு வழியாக் காத்து ஊதும், குளுகுளுகுளுண்டு. பொடிப்பொடியா நொரை எழும்பி, தண்ணியில உள்ள அழுக்கைத் தூக்கிக்கிட்டு, உச்சியில இருக்கிற கோப்பையில போய் விழும். ஸ்கிம்மராம். புஹாரி அதுக்கு நொரைக் குழாய்ண்டு பேர் வச்சாரு.

அஸீஸ் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் முன்னாலதான் வெளக்கம் செல்லிட்டுப் போனான். "புதுச் சாமான், பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். அவசரப்படாதீங்க. ஆனா எண்ணெக் கையோட மட்டும் தண்ணியத் தொட்டிராதீங்க மச்சான். ஒரு சொட்டு எண்ணெ பட்டாப் போதும், நொரை அப்பிடியே படுத்துக்கும்."

ஜெனீரா அப்பதான் வாயத் தொறந்தா. "நொரை ஏறாட்டி?"

"ஏறும்."

"ஏறாட்டி எண்டு கேக்கிறன்."

புஹாரிக்கு வீரம் வந்திட்டு. "அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குள்ள கோப்பைக்கு நொரை ஏறாட்டி, தொட்டி உள் நடைக்குப் போகும். ஒன்ட மெஷின் ஜன்னலடிக்கு வரும். போதுமா?"

"அஸீஸ், கேட்டுக்கிட்டியா?" எண்டா அவ. அவ்வளவுதான்.

அதுக்குப் பொறகு புஹாரி கைய வச்சிருந்த பக்குவம் ஒரு டாக்டர்ட்ட இருக்காது. தேசிக்காயப் பிழிஞ்சு தேச்சாரு, சுடுதண்ணியில கழுவினாரு, மோந்து பாத்தாரு. ரொட்டியக்கூட கரண்டியால தின்னாரு. ஆனா ஒரு வேலைய மட்டும் அவரு தொடல்ல. தீனி போடுறது. அது ஜெனீராட வேலை எண்டு அவரே தீர்மானிச்சிட்டாரு. ஏனெண்டா ஜெனீராட்ட கைராசி இருக்கு. கடைச் சாவியக்கூட காலையில அவ தொட்டுக் குடுத்தாத்தான் அவரு வாங்குவாரு. அப்பிடிப்பட்ட ராசிக் கை கடல்ல படாம எப்பிடி நொரை வரும்?

"நான் குசினியில நிக்கிறவ" எண்டா ஜெனீரா.

"நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வா."

அவ கழுவிட்டுத்தான் வந்தா. அதுல குத்தம் செல்ல ஏலாது. ரெண்டாம் நாளு நொரை குழாயில பாதி ஏறிச்சு. புஹாரி கடையப் பூட்டாமலே ஓடி வந்து பாத்தாரு. மறுநாள் படுத்திட்டு. பொறகு எழும்பினா ஒரு சாண், படுத்தா முழுசு. காலையில ஏறும், அவ தீனி போட்டுட்டுப் போனா எறங்கும்.

புஹாரி வாஹிதைப் புடிச்சாரு. "தண்ணிய எங்க அள்ளின? லொறி கழுவுற எடத்துலயா?"

"நடுக்கடல்ல போய் அள்ளினன் புஹாரி நானா, நீந்தி" எண்டாரு வாஹித். "அடுத்த தரம் நீங்களும் வாங்க. ஒங்களையும் அங்கேயே எறக்கி விட்டுட்டு வாரன்."

சரி, தண்ணியில பிழையில்ல. மலைக் குளிரா இருக்கும் எண்டு தொட்டியச் சுத்தி கம்பளிய மடிச்சு வச்சாரு. கரண்டுல பிழை எண்டாரு. கடைசியில, ராசிதான் பத்தல்லண்டு கண்டுபுடிச்சாரு.

"ஜெனீரா, தீனி போட்டுட்டு சும்மா கைய எடுத்திராத. கொஞ்ச நேரம் வச்சிரு."

"இப்பிடியா?"

"இன்னும் கொஞ்சம். மணிக்கட்டு வரைக்கும்."

அவ மணிக்கட்டு வரைக்கும் வச்சா. புஹாரி பக்கத்துல நின்னு நொரையப் பாக்கல்ல, மனுசியப் பாத்தாரு. அந்தக் கெழமையில அவகிட்ட ஒரு மாத்தம். காலையிலேயே தலைக்குத் தேங்காயெண்ணெ தடவி, பளபளண்டு வாரிப் பின்னி, கழுவின கையால பின்னல நீவிக்கிட்டே மணக்க மணக்க வந்து நிப்பா. கலியாணமாகி இத்தனை வருசத்துக்குப் பொறகு நமக்காகச் சிங்காரிக்கிறாண்டு அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுகுளு. குழாயில இல்லாத குளுகுளு.

"எண்ணெ வாசம் நல்லா இருக்கு புள்ள" எண்டு வேற செல்லி வச்சாரு.

"அப்பிடியா? அப்ப நாளைக்கும் வைக்கிறன்" எண்டா அவ.

வெள்ளிக்கிழமை வந்திச்சு. ஜும்ஆ முடிஞ்சு பள்ளியால வந்த புஹாரி, கூட வந்த வாஹிதைக் கோப்பைக்குள்ள எட்டிப் பாக்கச் செய்தாரு. கோப்பை காஞ்சு கெடந்திச்சு. "நல்ல சுத்தமான கோப்பை நானா, டீ குடிக்கலாம்" எண்டாரு வாஹித். செல்லிட்டு அவரே தொட்டியத் தூக்க ஒரு கை குடுத்தாரு. தொட்டி உள் நடைக்குப் போச்சு. மெஷின் ஜன்னலடிக்கு வந்திச்சு. றஷீனாட பட்டுத்துணியில வெளிச்சம் விழுந்திச்சு. ஜெனீரா ஒக்காந்து கடகடண்டு ஓட்டத் தொடங்கிட்டா.

அவளுக்கு இனி நேரமில்ல. தீனிய புஹாரியே போட்டாரு. ராசியில்லாத கைதான், என்ன செய்ய.

அடுத்தடுத்த நாள்ல நொரை எழும்பிச்சு. பாதி ஏறிச்சு. கழுத்துக்கு வந்திச்சு. ஒரு காலையில பாத்தா கோப்பை நெறைய கறுத்த சாயத்தண்ணி மாதிரி அழுக்கு. நாத்தம்ண்டா அப்பிடியொரு நாத்தம். புஹாரி அத ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு ஜன்னலடிக்கு ஓடி வந்தாரு.

"பாத்தியா? பழகிட்டு. எடம் மாறின ஒடனே பழகிட்டு."

ஜெனீரா முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு, நல்லதுண்டு தலைய ஆட்டினா. தலைய ஆட்டினப்பதான் அவரு கவனிச்சாரு. தலையில எண்ணெயில்ல. வறண்ட முடிய அள்ளி ஒரு கொண்டை, அவ்வளவுதான். மெஷின் ஜன்னலடிக்கு வந்த நாள்லருந்தே அப்பிடித்தான் போல.

அவருக்கு மனசு ஒரு மாதிரியாப் போச்சு. கோப்பையக் கீழ வைக்காமலே கேட்டாரு. "என்ன புள்ள, இப்ப நமக்காகத் தலைக்கு எண்ணெ வைக்கிறல்லியா?"

ஜெனீரா சக்கரத்த நிப்பாட்டல்ல.

"எண்ணெக் கையால பட்டத் தொட ஏலுமாங்க? நொரைண்டா படுக்கும், எழும்பும். பட்டுல கறை பட்டாப் போகாதே."